பாதி பிடிக்கிற பிரேக்

எங்கள் ஊர்ப் பங்குனிப் பொங்கலில் முதல் குலவை என் மனைவியுடையது. யாரும் அவளுக்கு அந்த உரிமையைப் பட்டயம் போட்டுக் கொடுக்கவில்லை. பானை பொங்குகிற நேரம் பார்த்து அவள் நாக்கைச் சுழற்றிவிட்டால் மற்றப் பெண்கள் பின்னால் சேர்ந்துகொள்வார்கள். அந்த வருஷமும் பானை பொங்கியது. நுரை கழுத்தைத் தாண்டி வழிந்தது. அவள் வாயைத் திறந்தாள். சத்தம் வந்தது, குலவை வரவில்லை. நீளமாக ஒரு கூப்பாடு மட்டும்தான். பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள், அவளும் சிரித்தாள். இன்னொரு முறை முயன்றாள். நாக்கு சுழலவில்லை. வேறு யாரோ குலவையைத் தொடங்கி வைத்தார்கள்.

வீட்டுக்கு வந்ததும் கண்ணாடி முன்னால் நின்று நாக்கை நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். நாக்கு கனமாக இருக்கிறது என்றாள். நான் வெயில் என்றேன். எனக்கு எதற்கும் உடனடியாக ஒரு காரணம் சொல்லிவிட வேண்டும். அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி வழியாக நரிக்குடி போகிற பஸ்ஸில் ஓய்வு பெறும்வரை கண்டக்டராக இருந்தவன் நான். பஸ் ஏன் நிற்கிறது, ஏன் லேட்டு, ஏன் இத்தனை கூட்டம் என்று கேட்கிற ஒவ்வொருவருக்கும் ஒரு பதில் வைத்திருக்க வேண்டிய உத்தியோகம். பதில் சரியாக இருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை.

ஆடி மாதத்துக்குள் அவள் பேச்சு தடித்துவிட்டது. 'ர'வும் 'ழ'வும் முதலில் போயின. சொந்தக்காரன் ஒருவன் கல்யாண வீட்டில், அத்தாச்சி அண்ணனோடு பங்கு போட்டுக் குடிக்க ஆரம்பித்துவிட்டதா என்று கேட்டான். நான் குடிக்கிறவன் இல்லை, அவளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அவனை வாய்க்கு வந்தபடி திட்டி, பந்தியில் பாதியில் எழுந்து, அவளையும் எழுப்பிக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டேன். பாயசம் வருவதற்கு முன்னால் எழுப்பியதற்காக அவள் என்னைப் பஸ் ஸ்டாப் வரைக்கும் ஏசினாள். அந்த ஏச்சே எனக்குப் பாதிதான் புரிந்தது. அன்றைக்குத்தான் பயம் வந்தது.

வாதம் என்றார்கள், திருஷ்டி என்றார்கள், பல்லில் விஷம் இறங்கியிருக்கிறது என்று கடைவாய்ப் பல் ஒன்றைப் பிடுங்கக்கூடச் செய்தோம். தொண்டை டாக்டர் விளக்கடித்துப் பார்த்து தொண்டை தங்கமாக இருக்கிறது என்றார். இப்படிச் சுற்றிச் சுற்றிக் கடைசியில் மதுரையில் ஒரு நரம்பு டாக்டரிடம் போய்ச் சேர்ந்தோம். பெண் டாக்டர். திருப்பூரில் வேலை பார்க்கும் எங்கள் மகனைவிட இரண்டு மூன்று வயது கூட இருக்கலாம். அவர் அவளை நாக்கை வெளியே நீட்டாமல் வாய்க்குள்ளேயே சும்மா வைத்திருக்கச் சொல்லிவிட்டு டார்ச் அடித்துப் பார்த்தார். என்னையும் பார்க்கச் சொன்னார். தண்ணீருக்கடியில் மீன்குஞ்சு நெளிகிற மாதிரி நாக்கின் தோலுக்கு அடியில் என்னவோ ஓடிக்கொண்டே இருந்தது. நாக்கிலும் கையிலும் காலிலும் ஊசி வைத்து ஒரு சோதனை செய்தார்கள். ஊசிக்கு அவள் ஒரு சத்தம் போடவில்லை. வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த நான்தான் இரண்டு தடவை எழுந்து நின்றேன்.

பிறகு டாக்டர் எங்கள் இருவரையும் உட்கார வைத்துச் சொன்னார். தசைகளுக்குக் கட்டளை கொண்டுபோகிற நரம்புகள் கொஞ்சம் கொஞ்சமாகப் பட்டுப்போய்க்கொண்டிருக்கின்றன. இவருக்கு நாக்கிலும் தொண்டையிலும் ஆரம்பித்திருக்கிறது. போகப் போகக் கைக்கும் காலுக்கும் வரும். மோட்டார் நியூரான் வியாதி என்று பெயர். எதனால் வந்தது என்று கேட்டால் தெரியாது என்பதுதான் பதில். அவர் தெரியாது என்று சொன்ன விதம் எனக்குப் பிடித்திருந்தது. அதுவரை பார்த்த எல்லோருக்கும் காரணம் தெரிந்திருந்தது.

ஊரில் போய் நோயின் பெயரைச் சொன்னபோது, கிணற்று மோட்டாரைத் தவிர வேறு மோட்டார் அறியாத என் பங்காளி ஒருவர், உள்ளே இருக்கிற காயில் கம்பியை மாற்றிச் சுற்றிவிட்டால் சரியாகிவிடாதா என்று கேட்டார். கேலியாக இல்லை, நிஜமாகவே கேட்டார். அவர்மேல் எரிந்து விழுந்தேன். அப்புறம் யோசித்தால், டாக்டரிடம் நானும் அதையேதான் வேறு வார்த்தைகளில் கேட்டிருந்தேன்.

"இந்த மாத்திரை குணமாக்கிருமா டாக்டர்?"

"குணமாக்காதுங்க. போன பேச்சத் திரும்பக் கொண்டுவராது. நோய் போற வேகத்தக் கொஞ்சம் குறைக்கும்."

"பிரேக் மாதிரியா?"

"ஆமா. ஆனா பாதி பிடிக்கிற பிரேக்."

பாதி பிடிக்கிற பிரேக்கோடு ஓடிய பஸ்கள் எனக்குத் தெரியும். கண்மாய்க் கரை இறக்கத்துக்கு ரொம்ப முன்னாலேயே டிரைவர் காலை வைக்கத் தொடங்கிவிடுவார். அதில் ஏறினவர்களும் ஊர் போய்ச் சேர்ந்திருக்கிறார்கள். அப்படியென்றால் எத்தனை நாள் கூடும் என்று கேட்டேன். ஆளுக்கு ஆள் மாறும், சில மாதம் கூடலாம், கணக்கு சொல்ல முடியாது என்றார். நான் மேற்கொண்டு கேட்க வாயெடுத்தபோது அவள் என் தொடையில் கிள்ளினாள். கல்யாணமான நாளிலிருந்து நான் சபையில் அதிகம் பேசினால் அவள் செய்கிற காரியம் அது.

மாத்திரை காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று. அருப்புக்கோட்டை மருந்துக்கடையில் அந்தப் பெயரையே கேள்விப்பட்டதில்லை என்றார்கள், பிறகு மதுரையிலிருந்து வரவழைத்துத் தந்தார்கள். ஈரலுக்கு ஒத்துக்கொள்கிறதா என்று பார்க்க ஆரம்பத்தில் மாதாமாதம் ரத்தம் கொடுக்க வேண்டும். ஒரு தடவை சோதனையில் ஈரல் கணக்கு சற்று ஏறி, எங்களை ஆட்டிவைத்துவிட்டு, அடுத்த தடவை தானாக இறங்கியது. இதெல்லாம் பெரிதில்லை. பெரிய தொல்லை என்னவென்றால், அந்த மாத்திரையை வெறும் வயிற்றில் போட வேண்டும். சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னால், இல்லையென்றால் இரண்டு மணி நேரம் கழித்து. எங்கள் பக்கத்தில் வெறும் வயிற்றில் மாத்திரை போடுவது என்றால் குடலைக் கொளுத்திக்கொள்வது என்று அர்த்தம். வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாம், ரெண்டு இட்லியாவது தின்றுவிட்டுப் போடு என்று அவளை வற்புறுத்துவார்கள். ஒவ்வொருவருக்கும் விளக்கம் சொல்லிச் சொல்லி நானே பாதி டாக்டராகிவிட்டேன்.

விடிந்ததும் அவளுக்கு டீ வேண்டும். மாத்திரை வந்த பிறகு அந்த டீ ஒரு மணி நேரம் தள்ளிப் போனது. அவள் காத்திருக்கும்போது நான் மட்டும் எப்படிக் குடிப்பது. இரண்டு பேரும் வாசல்படியில் உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருப்போம். எதிரே கரிசல் காடு, சீமைக்கருவேலம், அதற்கு மேலே ஏறிவருகிற வெயில். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் காலையில் ஒரு மணி நேரம் நாங்கள் சும்மா சேர்ந்து உட்கார்ந்ததே கிடையாது. முதல் பஸ்ஸுக்கு நான் ஓடுவேன், இல்லையென்றால் அவள் உளுந்தங்காட்டுக்கு ஓடுவாள். அந்த மாத்திரை எனக்குச் செய்த முதல் நன்மை இதுதான். இரண்டாவது நன்மை உண்டா என்று அப்போது தெரியாது.

தீபாவளி வந்தபோது அவள் பேச்சு என் ஒருவனுக்குத்தான் புரிந்தது. இதில் என் பெருமை ஒன்றுமில்லை. வாய் நிறைய வெற்றிலையை அடக்கிக்கொண்டு, துப்பவும் மனமில்லாமல், மூக்கால் ஊர்ப் பெயர் சொல்லி டிக்கெட் கேட்கிற ஜனங்களிடம் காலம் தள்ளியவன் நான். திருச்சுழியா நரிக்குடியா என்று அவர்கள் புருவத்தைப் பார்த்தே கிழித்துக் கொடுத்திருக்கிறேன். அந்தக் காது வீட்டில் உபயோகப்பட்டது. கடையில், தெருவில், மகனோடு போனில், எங்கும் அவள் சொல்வாள், நான் எடுத்துச் சொல்வேன். எல்லாவற்றையும் அப்படியே சொல்லிவிடவும் முடியாது. என் அத்தை மகள் ஒருத்தி வந்து உட்கார்ந்து, இந்த நோய் வந்தால் பிழைத்தவர்கள் கிடையாதாமே என்று ஆரம்பித்தாள். என் மனைவி, இவள் எப்போது கிளம்புவாள் என்று கேட்டாள். நான் அத்தை மகளிடம், காபி குடித்துவிட்டுத்தான் போக வேண்டுமாம் என்றேன். என் மனைவிக்குச் சிரிப்பு வந்து புரையேறி, அந்த அத்தை மகள் பயந்து அப்போதே எழுந்துவிட்டாள்.

புரையேறுவது அதன்பிறகு வேடிக்கையாக இல்லை. தண்ணீர் தொண்டையில் வழி தவறியது. சோற்றைக் குழைத்துக் கொடுக்க வேண்டியிருந்தது. தைக்கு அப்புறம் மாத்திரையும் தொண்டையில் நின்றது. ஒருநாள் காலையில் விழுங்கப் போய், இருமி இருமிக் கண் பிதுங்கி, மாத்திரை வெளியே வந்து விழுந்தது. எச்சிலில் நனைந்து வெள்ளையாகத் தரையில் கிடந்தது.

அப்போது எங்கள் வீட்டில் அவளுடைய அக்கா, என் மதினி, இருந்தார். பாலவனத்தத்திலிருந்து வாரம் ஒரு தடவை வந்து போவார். எதற்கும் அசராத மனுஷி, தங்கச்சி என்றால் மட்டும் உருகிவிடுவார். அவர் சொன்ன யோசனை எனக்கும் சரியாகத்தான் பட்டது. பச்சைக் குழந்தை விழுங்குமா, அதற்கு நாம் எப்படி மருந்து கொடுக்கிறோம்? உரைமருந்துதான். வசம்பு, ஜாதிக்காய், கடுக்காய் என்று வரிசையாக எடுத்து, கல்லில் ஒவ்வொன்றாக உரசி, விழுதை விரலில் எடுத்து நாக்கில் தடவிவிடுகிறோம். எங்கள் மகனை அப்படித்தான் வளர்த்தோம். இந்த ஊரில் அப்படி வளராத பிள்ளை கிடையாது.

மதினி உரைகல்லைத் தேடி எடுத்துக் கழுவினார். மாத்திரையை வைத்து இரண்டு சொட்டு தேன் விட்டு உரசினார். நிமிஷத்தில் வெண்ணெய் மாதிரி ஆகிவிட்டது. தங்கச்சியைச் சுவரோரம் சாய்த்து உட்கார வைத்து, வாயைத் திறக்கச் சொல்லி, விரலால் நாக்கு முழுக்க, அடிநாக்குவரை தடவினார். ஒரு துளி வீணாகக் கூடாது என்று உதட்டில் இருந்ததையும் வழித்து உள்ளே விட்டார். இத்தனை நாளாக இது நமக்குத் தோன்றாமல் போயிற்றே என்று நான் அவரைப் பாராட்டினேன்.

கொஞ்ச நேரத்தில் அவள் முகம் மாறியது. வாயைத் தொட்டாள். உதட்டைக் கிள்ளிப் பார்த்தாள். விரலை உள்ளே விட்டு நாக்கைப் பிடித்து இழுத்தாள். என்னைப் பார்த்து ஏதோ சொன்னாள். எனக்கே புரியவில்லை. எச்சில் கடைவாயில் ஒழுகியது, அது ஒழுகுவதே அவளுக்குத் தெரியவில்லை. மிச்சமிருந்த நாக்கும் ஒரே மூச்சில் போய்விட்டது என்றுதான் நாங்கள் மூன்று பேரும் நினைத்தோம். மதினி தலையில் அடித்துக்கொண்டு அழுதார். நான் தெருவில் ஓடி ஒரு ஆட்டோவை மறித்தேன். அருப்புக்கோட்டை போகிறவரை அவள் என் கையை விடவில்லை. ஒரு வார்த்தை, ஏதாவது ஒரு வார்த்தை சொல் என்று கேட்டுக்கொண்டே போனேன். அவள் வாயிலிருந்து வெறும் காற்றுதான் வந்தது.

ஆஸ்பத்திரியில் இருந்த டாக்டர் விவரம் கேட்டுவிட்டு, எங்களிடமிருந்த நம்பரில் மதுரை டாக்டருக்குப் போன் போட்டார். பேசிவிட்டு என்னைப் பார்த்து, பயப்பட ஒன்றுமில்லை என்றார். அந்த மாத்திரையைப் பொடித்து வாயில் வைத்தால் வாய் மரத்துப் போகும், பல் டாக்டர் போடுகிற ஊசி மாதிரி. தானாகத் தெளியும். ஆனால் உணர்ச்சி வருகிறவரை ஒரு வாய் தண்ணீர்கூடக் கொடுக்கக் கூடாது, மூச்சுக்குழாயில் போனால்தான் ஆபத்து. மதினி இதைக் கேட்டுச் சுவரில் சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். ஒரு மணி நேரம் போயிருக்கும். என் மனைவி உதட்டை மடித்துக் கடித்தாள், வலித்தது போல முகத்தைச் சுளித்தாள். அப்புறம் அக்காவை நோக்கி ஒரு கெட்ட வார்த்தை சொன்னாள். எனக்குத் தெளிவாகப் புரிந்தது. அவ்வளவு சந்தோஷத்தை நான் அனுபவித்ததில்லை. என்ன சொல்கிறாள் என்று மதினி கேட்டார். டீ வேண்டுமாம் என்றேன்.

மாத்திரையை எப்படிக் கொடுப்பது என்று மதுரை டாக்டர் போனிலேயே சொல்லியிருந்தார். மசித்த வாழைப்பழம் ஒரு கரண்டி, வெறும் வயிற்றில் அந்த அளவு பரவாயில்லையாம், அதன் நடுவில் முழு மாத்திரை, நேராக உட்கார்ந்து தாடையை நெஞ்சுப் பக்கம் இறக்கி விழுங்க வேண்டும். மறுநாள் காலையில் நான் எல்லாம் தயார் செய்துகொண்டு போய் நின்றேன். அவள் வாயைத் திறக்கவில்லை.

சாயங்காலமும் திறக்கவில்லை. அதற்கு அடுத்த நாளும் இல்லை. மரத்துப் போகாது, முழுசாகத்தான் போடுகிறோம் என்று கெஞ்சினேன். மகன் போனில் கெஞ்சினான். தலையை மட்டும் ஆட்டினாள். என் பொறுமை எவ்வளவு என்று என்னோடு வேலை பார்த்த எந்த டிரைவரைக் கேட்டாலும் சொல்வார்கள். கரண்டியைத் தூக்கி எறிந்தேன். உனக்காக நாங்கள் படுகிற பாடு உனக்குப் புரியவில்லையா என்று தெருவுக்கே கேட்கும்படி கத்தினேன். அவள் எழுந்துபோய்க் கரண்டியை எடுத்துக் கழுவி வைத்தாள். பிறகு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து சொன்னாள். அவள் சொன்னது காதில் விழுந்த மாதிரி எழுத முடியாது. சொன்னதை எழுதுகிறேன்.

"அன்னிக்கு ஆட்டோல போகயில, இனிமே எப்படி இருக்கும்னு நான் பாத்துட்டேங்க. அங்கதான போய்ச் சேரணும். அதுக்கு எதுக்கு மெதுவாப் போகணும்?"

பஸ்ஸில் யார் எது கேட்டாலும் பதில் வைத்திருந்தவனிடம் ஒன்றும் இல்லை. கோபமெல்லாம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை, எனக்கு அழுகை வந்தது. அவள் முந்தானையால் என் முகத்தைத் துடைத்துவிட்டாள். மாத்திரைக்கு மட்டும் சம்மதிக்கவில்லை.

மதுரைக்குப் போக வேண்டிய நாள் வந்தது. பஸ்ஸில் அவள் ஜன்னலோரம், நான் பக்கத்தில். அவளுக்கு அந்த மாத்திரை வேண்டுமா வேண்டாமா என்பதை டாக்டர் இன்றைக்கு அவளிடமே கேட்பார் என்று எனக்குத் தெரியும். அந்த டாக்டர் எதையும் அவளைப் பார்த்துத்தான் கேட்பார். ஆனால் அவள் சொல்கிற பதில் அவருக்குப் புரியாது, எழுதிக் காட்டவும் அவளுக்கு எழுத்துத் தெரியாது. என் முகத்தைத்தான் பார்ப்பார். அவள் வேண்டாம் என்று சொன்னால் நான் வேண்டும் என்று சொல்லிவிடலாம். யாருக்குத் தெரியும்? அத்தை மகளுக்குக் காபி கொடுத்தவன்தானே நான். டாக்டர் சொன்னால் அவளும் தட்ட மாட்டாள். கல்குறிச்சி தாண்டுகிறவரை இதையே நினைத்துக்கொண்டு வந்தேன். அவள் என் தோளில் சாய்ந்து தூங்கிப்போனாள். தூங்குகிற முகத்தைப் பார்த்தால் ஒரு நோயும் இல்லை. இவளிடம் மிச்சமிருப்பது இந்தப் பேச்சு, இவளுக்கு மிச்சமிருப்பது அதைக் கேட்கிற நான் ஒருவன், அதிலும் கலப்படம் செய்வதா என்று இருந்தது. ஆனால் அவள் இல்லாத வீடும் கண்முன்னால் வந்து நின்றது. முடிவெடுக்காமலே போய் இறங்கினேன்.

டாக்டர் அவள் கையை அமுக்கிப் பார்த்தார். வலது கைப்பிடி தளர்ந்திருந்தது. சில நாளாகக் குக்கர் மூடியை நான்தான் திறந்து கொடுக்கிறேன் என்று சொன்னேன். மூச்சு ஊதச் சொல்லிப் பார்த்தார். உரைகல் கதையை என்னிடம் முழுசாகக் கேட்டுச் சிரிக்காமல் இருக்கப் பாடுபட்டார். பிறகு நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். மாத்திரையை நிறுத்தினாலும் நான் கோபிக்க மாட்டேன், உங்கள் உடம்பு, உங்கள் இஷ்டம், வேறு உதவி எல்லாம் அப்படியே செய்வேன் என்றார். அப்புறம் கேட்டார்.

"உங்களுக்கு மாத்திரை வேணுமாம்மா, வேண்டாமா?"

அவள் நீளமாகப் பேசினாள். நடுவில் மூச்சு வாங்கினாள். ஒரு இடத்தில் என்னைப் பார்த்துக் கண்ணால் சிரித்தாள். மறுபடி டாக்டரைப் பார்த்துச் சொல்லி முடித்தாள். டாக்டர் என் பக்கம் திரும்பினார்.

அந்த அறையில் பேச்சு வராதவன் நான்தான். என்ன சொன்னாங்க என்று டாக்டர் இன்னொரு தடவை கேட்டார். அவள் என் தொடையில் கிள்ளினாள், பேசு என்பதற்கு. பலமில்லாத கிள்ளல். சொன்னேன்.

"தனக்குன்னா வேண்டாமாம் டாக்டர். ஆனா இந்த ஆளுக்கு வெந்நி வைக்கக்கூடத் தெரியாதாம். கையும் போயிட்டா யாரு ஆக்கிப் போடுவாகங்கறா. நான் சோறு கொழம்பு வைக்கப் படிக்கிற வரைக்கும் மாத்திரையக் குடுங்கங்கறா."

டாக்டர் சீட்டில் எழுதினார். எழுதிக்கொண்டே, சீக்கிரம் படித்துவிடாதீர்கள் என்று எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்.

அன்றிலிருந்து என் படிப்பு தொடங்கியது. அவள் அடுப்படியில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொள்வாள். அவளுக்கு மசித்த சோறும் கூழும்தான், எனக்குத்தான் சமையல். குதிரைவாலியை எத்தனை தடவை அரிக்க வேண்டும், உலைக்கு எவ்வளவு தண்ணீர், கடுகு எப்போது வெடிக்கும், வெந்தயம் சிவந்தால் போதும் கருகக் கூடாது. கண்டக்டருக்கு விசில் கொடுக்கத் தெரியும், குக்கர் விசிலை எண்ணத் தெரியாதா என்று கேலி செய்தாள். நான் சோற்றைக் குழைத்தேன், குழம்பைக் கருக்கினேன், கையைச் சுட்டுக்கொண்டேன். அதெல்லாம் ஆரம்பத்தில் நிஜமாகத்தான். பிறகு எனக்குக் கை கூடி வந்தது. அது தெரிந்த நாளிலிருந்து வேண்டுமென்றே கெடுக்க ஆரம்பித்தேன். ஒருநாள் உப்பைக் கூட்டினேன். ஒருநாள் புளியை அள்ளிக் கரைத்தேன். ரசத்தைக் கொதிக்கவிட்டு வேடிக்கை பார்த்தேன். அவள் தலையில் அடித்துக்கொண்டு, இந்த மனுஷனை வைத்துக்கொண்டு நான் எப்போது போவது என்பாள். சாயங்காலம் மாத்திரைக்கு வாயைத் திறப்பாள். கெட்டுப்போன குழம்பை நான் ருசித்துச் சாப்பிட்டேன். மதுரையில் டாக்டர் ஒவ்வொரு முறையும், படித்துவிட்டீர்களா என்று கேட்பார். இன்னும் இல்லை டாக்டர் என்பேன்.

நோய் நிற்கவில்லை. மாத்திரை அப்படி வாக்குக் கொடுக்கவும் இல்லை. வலது கை முழுக்கத் தளர்ந்து இடது கையில் தொடங்கியது. வயிற்றில் குழாய் வைப்பது பற்றி டாக்டர் பேசியிருக்கிறார். அவள் பேச்சு ஒன்றிரண்டு சொல்லாகச் சுருங்கிவிட்டது. நான் அவள் உதட்டைப் பார்த்து மீதியைப் போட்டுக்கொள்கிறேன்.

போன வாரம் பக்கத்துத் தோட்டத்திலிருந்து பிஞ்சுக் கத்திரிக்காய் கொடுத்தார்கள். புளிக்குழம்பு வைத்தேன். முந்தின இரவெல்லாம் அவளுக்கு இருமல், எனக்கும் தூக்கமில்லை. அந்த அசதியில் கெடுக்க வேண்டும் என்பதையே மறந்துவிட்டேன். கை தன்பாட்டுக்கு எல்லாவற்றையும் சரியாகச் செய்துவிட்டது. எண்ணெய் பிரிந்து மேலே வந்தபோது எழுந்த வாசனையிலேயே எனக்குத் தெரிந்துபோயிற்று. அவள் வைக்கிற குழம்பு அது. ஒரு சொட்டு நாக்கில் விட்டுப் பார்த்தேன், அதேதான். உப்பு டப்பாவை எடுக்கக் கை நீட்டினேன். திரும்பிப் பார்த்தால் அவள் ஸ்டூலில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். கொண்டுவா என்று தலையை அசைத்தாள்.

கரண்டி நுனியில் தொட்டுக் கொண்டுபோய் அவள் நாக்கில் வைத்தேன். விழுங்குவதற்கு இல்லை, ருசி பார்க்க மட்டும். அவள் கண்ணை மூடிக்கொண்டாள். ரொம்ப நேரம் மூடியிருந்தாள். நான் கரண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவள் கண்ணைத் திறந்தாள். கண் நிறைந்திருந்தது.

"உப்புப் பத்தல," என்றாள்.

சரி என்றேன். மாத்திரை நேரம் ஆகியிருந்தது. வாழைப்பழத்தை மசிக்கப் போனேன்.